மோட்டாரின் வெளிமூச்சு

மோட்டார் வண்டி வைத்திருப்பவர் தம் வண்டியில் மிகுதியாகப் பார்ப்பது அதன் முகத்தைத்தான். விளக்குகளைத் துடைக்கிறார், மேல்தகட்டை மெருகிடுகிறார், இருக்கைக்கு உறை தைத்துப் போடுகிறார். ஆனால், தெருவில் நிற்பவருக்கு அந்த வண்டி விட்டுச் செல்லும் நினைவு வேறு. அது பின்புறத்துக் குழாயிலிருந்து வருவது: கொஞ்சம் சத்தம், கொஞ்சம் நாற்றம், கொஞ்சம் புகை. உடையவர் குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணில் படாத அந்தக் குழாயைத் தெருவார் நாள்தோறும் அறிந்திருக்கிறார்கள். அந்தப் புகைக் குழாயின் வரலாற்றையே இன்று நேயர்கள் முன் வைக்க எண்ணுகிறேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களையும் அவற்றின் உறவான பழைய கார்களையும் தேடிப் பிடித்துச் செப்பனிடும் ஆர்வம் நம் நாட்டில் பெருகி வருகிறது. அப்படிச் செப்பனிடுவோர் முதலில் கைவைக்க விரும்பும் உறுப்புகளில் ஒன்று புகைக் குழாய். குழாயை மாற்றினால் வேகம் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஓசை என்பதை வரலாற்றைக் கொண்டு அளந்து பார்க்கலாம்.

இதனை நான் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை மனத்தில் கொண்டு பேசுகிறேன். அதற்குக் காரணங்கள் இரண்டு. சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அரியலூரைச் சுற்றிலுமோ சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் இருக்கின்றன; கல் சுமந்த லாரிகள் அங்கே ஓய்வதில்லை. புகைக் குழாய்களின் குணதோஷங்களை இவ்வட்டாரத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் பழமையானது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் ஒன்று கிடக்கிறது. 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940 ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அதற்கு ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது என்பர். அக்காலத்தில் இந்த மண்ணைக் கடல் மூடியிருந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும், அதில் பொதிந்து கிடைக்கும் சுருள் வடிவான அம்மோனைட்டுகளும் அக்கடல் விட்டுச் சென்ற சொத்து. அத்தகைய பழங்கடல்களில் மிதந்து மடிந்த நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாக மாறின. அரியலூர்ப் பாறைகள் மேலே தலைகாட்டும் இதே காவிரிப் படுகையின் கிழக்குக் கோடியில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. ஆக, காரின் பின்னால் வெளியேறும் புகை பழைய கடல் ஒன்றின் எச்சம். கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் அடங்கிக் கிடந்ததை நாம் ஒரு நொடியில் காற்றில் விடுகிறோம். எப்படி விடுகிறோம் என்பதே புகைக் குழாயின் கதை.

மனிதனைப் போலவே எஞ்சினும் மூச்சு விடுகிறது. காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளிழுக்கிறது, அழுத்துகிறது, எரிக்கிறது, எரிந்ததை வெளியே தள்ளுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலுமானால், நொடிக்கு 100 முறை வெளிமூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சும் வால்வு திறந்தவுடன் அழுத்தத்தோடு பாய்ந்து வருவதால், சிறு வெடியைப் போல ஒலிக்கிறது. நொடிக்கு 100 வெடிகளை வெறும் குழாய் வழியே வெளியே விட்டால் தெருவில் யாரும் வாழ முடியாது.

மோட்டார் பிறந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே இது விளங்கிவிட்டது. 1897 இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சினின் புகையொலியை அடக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பின்னர் ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர் இத்துறையில் பெயர் பெற்றார். அவருடைய தந்தை இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். உலகையே அதிர வைத்த ஓசையைத் தந்தை உண்டாக்கினார். மகனோ 1909 இல் துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்று, அதே தத்துவத்தை மோட்டார்களின் புகைக் குழாய்க்கும் பயன்படுத்தினார். சைலன்சர் என்று நம் பட்டறைகளில் இன்று வழங்கும் உறுப்பின் பிறப்பு இதுதான்.

ஆனால், வண்டி ஓட்டியவர்களுக்கு அன்றே இதன்மீது ஓர் ஐயம் இருந்தது. சைலன்சர் எஞ்சினின் மூச்சைத் தடுக்கிறது, அதனால் வலு குறைகிறது என்று அவர்கள் கருதினார்கள். ஆகவே அந்நாளைய கார்கள் பலவற்றில், ஓட்டுநர் வேண்டும்போது திறந்துகொள்ளச் சிறு கதவு ஒன்று சைலன்சருக்கு முன்னால் வைக்கப்பட்டது. ஊருக்குள் கதவை மூடு. ஊர் தாண்டியதும் திற. சட்டம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கமாகச் செய்துகொண்ட உடன்பாடு அது. ஊருக்குள்ளேயே கதவைத் திறந்தவர்கள் எவ்வளவு பேர் என்பதை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

இந்தப் பூசலை நன்கு விளக்குவது இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் என்னும் பந்தயத் திடலின் கதை. 1907 இல் திறக்கப்பட்ட அத்திடலில் மாபெரும் எஞ்சின்கள் அடைப்பின்றி முழங்கின. அண்டை வீட்டார் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு நீதிமன்றம் சென்றார்கள். முடிவாக 1920களின் நடுப்பகுதியில், அங்கே ஓடும் பந்தயக் கார்கள் அனைத்திலும் சைலன்சர் இருத்தல் வேண்டும் என்னும் விதி வந்தது. பருத்த உருளையும் மீன்வால் போல் விரிந்த முனையும் கொண்ட புரூக்லாண்ட்ஸ் சைலன்சர் அவ்விதியின் பிள்ளை. பந்தயம் அதனால் நின்றுவிடவில்லை. அதற்குப் பிறகும் அத்திடலில் புதிய வேகங்கள் எட்டப்பட்டன. அண்டை வீட்டாரின் உறக்கமும் காரின் வேகமும் ஒன்றையொன்று கொன்றாக வேண்டும் என்ற நியதி இல்லை என்பதை அந்த விதி காட்டிற்று.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே மோட்டாரை மாற்றியமைக்கும் திறமை முதலில் வளர்ந்தது ஆசையினால் அன்று, நெருக்கடியினால். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடுந்தட்டுப்பாடு ஏற்பட்டது. பஸ்களின் பின்னால் உருளை வடிவான அடுப்பைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, வரும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தி ஓட்டினார்கள். மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் அத்தகைய வாயு உற்பத்திக் கருவிகளைச் செய்து தந்தது. ஏற்றத்தில் அவ்வண்டிகள் திணறின என்பது உண்மை. ஆயினும் கரியைக் கொண்டும் பஸ்ஸை ஓட்டலாம் என்று நம் தொழிலாளர் கண்டுகொண்டார்கள். எஞ்சினுக்குள் போவதையும் அதிலிருந்து வருவதையும் கையால் தொட்டு அறிந்த ஒரு தலைமுறை அப்போது உருவாயிற்று.

விடுதலைக்குப் பின் சென்னையிலேயே கார் செய்யும் தொழில் வேரூன்றியது. வண்டலூரை அடுத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 இல் ஹெரால்டு என்னும் காரை வெளியிட்டது. இங்கிலாந்தில் 1959 இல் டிரையம்ப் என்ற பெயரோடு வந்த கார் அது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிச்செலோட்டி. முன்பக்கத்து மூடி முழுவதும் மண்காப்புத் தகடுகளோடு முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சின் மூன்று பக்கமும் கைக்கு எட்டும். பட்டறைக்காரருக்கு இதைவிட இணக்கமான கார் வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே. எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். திறன் சுமார் 35 குதிரை.

இந்த ஹெரால்டுக்கு ஒரு தம்பி உண்டு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக 1962 இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயரே அது. எஞ்சினும் அதே குடும்பத்தது. ஆனால் கொள்ளளவு 1,147 கன சென்டிமீட்டர், இரண்டு கார்புரேட்டர், 63 குதிரைத் திறன். வண்டலூர்க் குடும்பக் காருக்கும் ஆங்கிலேய இளைஞரின் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இரத்த உறவு இருந்தது என்பதை நம்மில் பலர் அறியார். இன்று தமிழ்நாட்டில் ஒருவர் ஹெரால்டைச் செப்பனிடும்போது, ஸ்பிட்ஃபயரின் அனுபவம் அவருக்குப் பாடமாவது இதனால்தான்.

அந்தப் பாடத்தைச் சொல்லுமுன், குழாய் எப்படி வலுவைக் கூட்டும் என்பதைப் பார்க்க வேண்டும். நாகசுரம் செய்யும் ஆசாரியைக் கேட்டால், குழலின் நீளத்தை விரற்கடை மாற்றினாலும் சுருதி மாறிவிடும் என்பார். குழாய்க்குள் காற்றலை போகிறது. முனையில் பட்டுத் திரும்புகிறது. நீளத்துக்கேற்ற நேரத்தில் வந்து சேர்கிறது. புகைக் குழாயிலும் இதே விந்தை நிகழ்கிறது. வெளிமூச்சின் அழுத்த அலை குழாயின் திறந்த முனையை அடைந்ததும், அங்கிருந்து உறிஞ்சும் அலையொன்று பின்னோக்கித் திரும்புகிறது. வால்வு மூடுமுன் அது வந்து சேருமானால், சிலிண்டரில் தங்கிய கடைசிப் புகையையும் இழுத்துச் செல்லும். புதுக் காற்று தாராளமாக உள்ளே நுழையும். தாமதித்து வந்தாலோ பயன் இல்லை.

மலிவாகச் செய்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே குறுகிய பெட்டியில் முட்டி மோதுகிறது. ஒரு சிலிண்டரின் வெளிமூச்சு அடுத்த சிலிண்டரின் மூச்சைத் தடுக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் கொடுத்து, சற்றுத் தூரம் சென்றபின் ஒன்றுசேர்த்தால் அம்மோதல் குறையும். ஹெரால்டு எஞ்சின் எரியும் வரிசை 1, 3, 4, 2. அவ்வரிசையில் அடுத்தடுத்து வராத 1, 4 இரண்டையும் ஓரிணையாகவும், 2, 3 இரண்டையும் மற்றோரிணையாகவும் கூட்டிப் பிறகு ஒரே குழாயாக்குவது அறிந்தோர் முறை.

இப்போது பாடத்துக்கு வருவோம். 1965 இல் ஸ்பிட்ஃபயரின் இரண்டாம் வடிவம் வந்தது. அதில் தொழிற்சாலையே வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை நீக்கிக் குழாய்களால் ஆன மேனிஃபோல்டைப் பொருத்தியது. அதனோடு, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் மாற்றப்பட்டது; காற்று உட்புகும் வழியும் திருத்தப்பட்டது. இம்மூன்றும் சேர்ந்து கொடுத்த பலன் என்ன? 63 குதிரை 67 ஆயிற்று. நான்கு குதிரை, நூற்றுக்கு ஆறு பங்கு. வரைவாளர்களும் அளவுகோல்களும் நிறைந்த ஒரு தொழிற்சாலை, மூன்று உறுப்புகளை ஒருங்கே மாற்றிப் பெற்ற ஊதியம் இவ்வளவே. சைலன்சரை மட்டும் அறுத்தெறிந்துவிட்டு வண்டி பறக்கிறது என்பவர் பெற்றது பெரும்பாலும் ஓசையே. ஓசை மிகும்போது வேகமும் மிகுந்ததாகக் காது மனத்துக்குச் சொல்கிறது. வேகமானியின் முள் அப்படிச் சொல்வதில்லை. அளவுக்கு மீறிப் பருத்த குழாயைப் பொருத்தினாலோ, புகை ஓடும் வேகம் தளர்ந்து, தாழ்ந்த சுற்றுகளில் இழுவையும் குறையக்கூடும்.

அடைப்பற்ற குழாய்க்கு உரிய இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953 இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திற்று. நம் நாட்டில் செய்யப்பட்ட குடும்பக் கார்களே அங்கே உருமாறி ஓடின. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் திடல் அமைந்தது. முழக்கத்தைக் கேட்கவென்றே மக்கள் வந்து கூடும் இடம் அது. கேட்க விரும்பாதவர் வாழும் தெருவுக்கு அவ்வுரிமை இல்லை. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் 1989 இல் வந்த விதிகளும், ஒவ்வொரு வண்டியிலும் புகையொலியை இயன்ற மட்டும் குறைக்கும் கருவி வேண்டும் என்று கூறுவது இதனாற்றான்.

ஓசை காதுக்குத் தெரியும். காதுக்கும் கண்ணுக்கும் தெரியாத தீங்கு ஒன்றும் இக்குழாய் வழியே நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது. 1921 இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் எஞ்சின் தட்டுவது நிற்கும் என்று கண்டார். உலகெங்கும் அது பரவிற்று. எஞ்சின் நலம் பெற்றது. ஈயம் புகையோடு தெருவில் இறங்கிற்று. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் அங்கே வந்தது. ஈயம் பட்டால் வினையூக்கி செயலிழந்துவிடும். 2000 பிப்ரவரிக்குள் நாடெங்கும் ஈயம் நீங்கிற்று. பெரம்பலூர்ச் சாலையோரத்துப் பள்ளிக் குழந்தைகள் அறியாமலே பெற்ற நன்மை இது.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்ப்போம். அரியலூரில் ஒருவரிடம் பழைய ஹெரால்டு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் புகைக் குழாயை மேம்படுத்த அவர் விரும்புகிறார். நான் சொல்லக்கூடியவை சில.

முதலில், துருவைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் சூடேறி அந்த நீர் வெளியேறிவிடும். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் கார் சூடேறுவதே இல்லை. நீர் சைலன்சருக்குள் தங்கி உள்ளிருந்து அரிக்கிறது. ஆதலால், பழைய அளவிலேயே துருவேறா எஃகில் குழாய் செய்து பொருத்துவதே முதன்மையான மேம்பாடு. வேகம் அதனால் கூடாது, ஆயுள் கூடும்.

இரண்டாவது, இணைப்புகள். ஓட்டையான இணைப்பின் வழியே கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, உறங்குவது போலவே ஆளைக் கொல்லும். கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதும் இதே ஆபத்து.

மூன்றாவது, வால்வு அமரும் இடம். ஹெரால்டின் சிலிண்டர் தலை வார்ப்பிரும்பு. ஈயப் பெட்ரோல் இருந்த காலத்தில், ஈயத்தின் படிவே வால்வு அமரும் விளிம்பைத் தேயாமல் காத்தது. அக்காப்பு இன்று இல்லை. எனவே சிலிண்டர் தலையைக் கழற்றும்போது கடினமான எஃகு வளையங்களை அங்கே பதித்துக்கொள்வது நன்று.

நான்காவது, பழைமையின் மதிப்பு. 2021 இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்படும் வண்டிகளுக்குப் பழம்பெரும் வண்டி என்ற தனிப் பதிவு கிடைக்கிறது. அடிச்சட்டத்திலும் கூட்டிலும் எஞ்சினிலும் பெரும் மாற்றம் செய்தால் அவ்வுரிமைக்கு இடையூறு. நீக்கிய பழைய மேனிஃபோல்டை எடைக்குப் போடாமல் எண்ணெய் தடவி வைத்திருத்தல் வேண்டும். இன்றைய ஆசை தணிந்த பிறகு, நாளைய உடையவர் அதைத் தேடுவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அருகே செல்லும் லாரியையும் நாம் பார்க்க வேண்டும். புகைக் குழாயை மேம்படுத்தும் வேலையில் இன்று பெருஞ்செயல் நிகழ்வது அங்கேதான். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் புதிய வண்டிகள் அனைத்தும் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் அளவுக்கு உட்பட வேண்டும். டீசலிலிருந்த கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புதிய லாரியின் குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதற்கு மேல், நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த நீரைப் புகையில் தெளிக்கும் ஏற்பாடும் உண்டு. அந்த யூரியா, நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சைத் தீங்கற்ற நைட்ரஜனாக மாற்றுகிறது. பெரம்பலூர் உழவர் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் இடும் அதே யூரியா! வயலில் பயிரை வளர்ப்பது சாலையில் காற்றைக் காக்கிறது. ஆனால், செலவு மிச்சம் என்று அக்கருவியைச் செயலறச் செய்துவிட்டால், அத்தனை அறிவும் வீண்.

மேம்பாடு என்ற சொல்லை நாம் எதற்கு வழங்குவது என்பதே இறுதியில் எழும் கேள்வி. ஓட்டுபவருக்கு நான்கு குதிரை கூடுவது மேம்பாடுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், புகைக் குழாயின் வரலாறு முழுவதிலும் நிலைத்து நின்ற மாற்றங்கள், ஓட்டுபவரும் சாலையில் நிற்பவரும் ஒருங்கே பயன்பெற்ற மாற்றங்களே. ஒருவருக்கு மட்டும் இன்பமாக வந்தவை சட்டத்தாலோ, அண்டை வீட்டாராலோ, காலத்தாலோ கழிந்தன.

நம் ஊர்ப்புறச் சாலை ஓரத்தில் அறுவடைக் காலத்தில் மக்காச்சோளம் காயவைத்துக் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய காரைப் புதுக்கியவர், முதல் ஓட்டத்தில் அவர்களைக் கடந்து செல்லட்டும். அவர்கள் தலை நிமிர்ந்து காரின் அழகைப் பார்த்தால் வேலை நன்று. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாலோ, காதைப் பொத்திக்கொண்டாலோ, வண்டியை மீண்டும் பட்டறைக்குத் திருப்புவதே முறை.